மாமாவின் கழுத்தில் ஓர் ஈரத்துணி

ஈரத்துணியைக் கழுத்தில் போட்டால் சளி பிடிக்கும்.

சிரிக்காதீர்கள். ஐம்பத்தோரு வயது வரை நான் இதை நம்பினேன். சூரியன் கிழக்கே உதிக்கும் என்பதை நம்புவது போல, கேள்வியே கேட்காமல் நம்பினேன். உங்களில் பாதிப் பேர் இன்னும் நம்புகிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் தலைக்குக் குளித்துவிட்டு, முடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, ஸ்கூட்டி சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். “தல தொவட்டுடி! சளி புடிச்சிகினா நான்தான பாக்கணும்?” என்று சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல். வழக்கமாக இந்தக் கச்சேரியில் நான் பக்கவாத்தியம். ‘ஆமாம்மா, நீர் கோத்துக்கும்’ என்று தாளம் தட்டியிருப்பேன். அன்று தட்டவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.

மனைவி பின்னாலேயே வந்துவிட்டாள். “இன்னா, உடம்பு சரியில்லையா?”

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. விஷயம் வேறு.

என் அக்கா சித்தூரில் இருக்கிறாள். அவள் கணவர் முனிரத்தினம் மாமாவுக்குச் சொந்த ஊர் பலமனேர். சித்தூரில் ஓர் அரசுப் பள்ளியில் பி.டி. சார். அவருடைய குரலைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கிரவுண்டின் இந்த மூலையில் நின்று “ஏய்!” என்றால், அந்த மூலையில் சுவர் ஏறிக்கொண்டிருப்பவன் தானாக இறங்கி வந்து கை கட்டி நிற்பான். வீட்டிலும் அதே குரல்தான். சாப்பிடும்போது உப்பு கேட்டால் தெருக்கோடி ஆட்டோக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

எனக்கும் அவருக்கும் இருபத்திரண்டு வருஷமாக வாக்குவாதம். கிரிக்கெட், எலெக்‌ஷன், பலமனேர் தக்காளியா மதனப்பள்ளி தக்காளியா, திருப்பதிக்கு எந்த ரோட்டில் போனால் சீக்கிரம்... எதிலும் நான் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. நியாயம் அவர் பக்கம் இருந்ததா என்பது தெரியாது. சத்தம் அவர் பக்கம் இருந்தது.

ஜனவரியில் பலமனேர் ரோட்டில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தார். ஹெல்மெட் இருந்தது – வண்டியின் கண்ணாடியில் மாட்டியபடி. தலையில் பலத்த அடி. திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வெண்டிலேட்டரில் வாரக்கணக்கில் கிடந்தார். வாய் வழியாக விட்ட குழாயை அவ்வளவு நாள் வைக்க முடியாதாம். அதனால் தொண்டைக்குழிக்குச் சற்று மேலே ஒரு துளை போட்டு, மூச்சுக்குழாய்க்குள் நேராக ஒரு டியூப் வைத்தார்கள். டிரக்கியாஸ்டமி என்று பெயர். சொல்லிப் பழகவே எனக்கு ஒரு வாரம் ஆனது.

அதை முதன்முதலில் பார்த்தபோது நான் மயங்கி விழுந்துவிட்டதாக அக்கா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பொய். நான் விழவில்லை. சலைன் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தேன். விழுந்தது ஸ்டாண்டு.

மார்ச் நடுவில் வீட்டுக்கு அனுப்பினார்கள். நினைவு தெளிவாக இருந்தது. பிடித்துக்கொண்டு நடந்தார். வாய் வழியாகவே கஞ்சி குடித்தார். வலது கை மட்டும் மந்தம். குரல் மட்டும் இல்லை. காற்று குரல்வளைக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே கழுத்து வழியாக வெளியே போய்விடுகிறதே, சத்தம் எங்கிருந்து வரும்?

டாக்டர் நம்பிக்கையாகச் சொன்னார்: “மே மாசம் மொதல் வாரம் வாங்க. டியூபுக்கு மூடி போட்டுப் பாக்கலாம். மூக்கு வழியா மூச்சு நல்லா வந்தா எடுத்துடலாம். துளை தானா மூடிக்கும்.”

எழுதிக் காட்டுவதற்கென்று மாமாவுக்கு ஒரு பலகை வாங்கியிருந்தோம். குச்சியால் எழுதினால் பச்சையாகத் தெரியும். பட்டனை அமுக்கினால் அழிந்துவிடும். அதில் இடது கையால், கோணல்மாணலாகத் தெலுங்கில் இரண்டு வார்த்தை எழுதி டாக்டருக்குக் காட்டினார். ‘ஜூன். கிரவுண்ட்.’

ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். ரிடையராக இன்னும் இரண்டு வருஷம். அந்த இரண்டு வருஷமும் கிரவுண்டில் நிற்க வேண்டும். மனிதர் கேட்டது அவ்வளவுதான்.

டிஸ்சார்ஜ் அன்று ஒரு நர்ஸம்மா எங்களுக்குப் பாடம் நடத்தினார். தெலுங்கும் தமிழும் கலந்த, பொறுமையான பாடம். “டியூபுக்குள்ள இன்னொரு டியூப் இருக்கு, பாருங்கம்மா. உள்ள இருக்கறத மட்டும் திருப்பி எடுத்துக் கழுவணும். மூணு வேளை. வெளி டியூப் அசையவே கூடாது. நாடாவுக்கும் கழுத்துக்கும் நடுவுல ஒரு விரல் போகணும். சளி உறிஞ்சற குழாய இந்த மார்க் வரைக்கும்தான் விடணும். பத்து எண்ணறதுக்குள்ள வெளிய வந்துடணும். பவுடர், ஊதுபத்தி, சாம்பிராணி எதுவும் கிட்ட வரக்கூடாது...”

அக்கா ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். நான்? நான் கட்டில் ஓரத்தில் நின்று வார்டுக்குப் பொழுதுபோக்கு அளித்துக்கொண்டிருந்தேன்.

“ரொம்ப முக்கியம், இந்த வெயிலுக்குக் காஸ் துணிய, அதான் புண்ணுக்குக் கட்டற மெல்லிசுத் துணிய, நனைச்சுப் பிழிஞ்சு டியூபுக்கு முன்னாடி திரை மாதிரி தொங்க விடணும்” என்றார் நர்ஸம்மா. “தடி குட்ட ஆரகூடதண்டி. ஈரத்துணி காயவே கூடாது. ஏன்னா, நாம இழுக்கற காத்த மூக்குதான்...”

நான் குறுக்கே புகுந்தேன். “மாமா, உங்க மூக்குக்கு வி.ஆர்.எஸ். குடுத்துட்டாங்கோ!”

மாமா சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்தார். நர்ஸம்மாவும் சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரர்கூடச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நடுவே நர்ஸம்மா வாக்கியத்தை முடித்திருக்கிறார். மூக்குதான் காற்றை ஈரமாக்கி, சூடாக்கி, தூசி வடிகட்டி உள்ளே அனுப்புகிறது. கழுத்துத் துளைக்கு அந்த வசதி கிடையாது. காய்ந்த காற்று உள்ளே போனால் சளி காய்ந்து டியூபை அடைக்கும் என்று. அக்காவின் நோட்டில் இது அப்படியே இருக்கிறது. என் காதில் விழுந்தது சிரிப்பு மட்டும்.

அக்கா குடிபாலாவில் அங்கன்வாடி டீச்சர். ஏப்ரலில் அவளுக்கு லீவு தீர்ந்துபோனது. காலை எட்டரைக்குக் கிளம்பினால் மூன்று மணிக்குத்தான் திரும்புவாள். அதுவரை யார் பார்த்துக்கொள்வது?

நான்தான் கை தூக்கினேன். எழுதிப் பிழைப்பவன் எங்கே உட்கார்ந்தும் எழுதலாமே. திருப்பதியிலிருந்து ஒரு பையோடு போய் இறங்கிவிட்டேன்.

“ஒனுக்குத் தாங்குமாடா?” என்றாள் அக்கா. “உள் டியூப் கழுவறப்பல்லாம் எழுந்து வெளிய ஓட்ற.”

“அதெல்லாம் நீ பண்ணிட்டுப் போக்கா. நான் தொணைக்குக் குந்திகினு இருக்கேன். மாமாவச் சிரிக்க வைக்கறேன்.”

முதல் நாள் காலை. உள் டியூபைக் கழுவி மாட்டி, காஸ் துணியை நனைத்துப் பிழிந்து மாமாவின் கழுத்தில் தொங்கவிட்டுக் கிளம்பினாள். “ரெண்டு மணி நேரத்துக்கொருவாட்டி நனைச்சுப் போட்றா” என்றாள். சரி என்றேன்.

ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. சளியை மெஷின் வைத்து உறிஞ்ச வேண்டிய நிலையில் ஒருவர் இருக்கிறார்... அவர் கழுத்தில் நாள் பூராவும் ஈரத்துணியா? எந்த ஊர் நியாயம் இது? மனைவிக்குப் போன் போட்டேன். “ஐயையோ, ஈரமா?” என்றாள். போதாதா?

எட்டரைக்கு அக்கா கிளம்பினாள். எட்டு முப்பத்தைந்துக்குத் துணியை எடுத்துக் கொடியில் போட்டேன். மொடமொடவென்று காய்ந்ததும் தூசிக்குத் தடுப்பாக அதையே கட்டிவிட்டேன். மத்தியானம் இரண்டே முக்காலுக்கு மறுபடி நனைத்து, பிழிந்து, தொங்கவிட்டேன். மூன்று மணிக்கு அக்கா வந்து தொட்டுப் பார்த்தாள். “பரவால்லையே, ஒயுங்கா பாத்துக்கற” என்றாள். பத்தாம் வகுப்பில் பிராக்ரஸ் ரிப்போர்ட்டில் அப்பாவின் கையெழுத்தைப் போட்டதற்குப் பிறகு இவ்வளவு நேர்த்தியாக நான் எந்தத் திருட்டுத்தனமும் செய்ததில்லை.

மாமா சும்மா இருந்தார் என்று நினைக்கிறீர்களா? கட்டிலை ஓங்கித் தட்டினார். துணியைக் காட்டினார். பக்கெட்டைக் காட்டினார்.

“மாமா, மழையில பசங்கள ஆட உடுவீங்களா நீங்க?” என்றேன். “சளி புடிக்கும்னு வெரட்டுவீங்க இல்ல? ஒங்களுக்கு மட்டும் வேற ரூலா?”

பலகையை எடுத்தார். இடது கையால் மெதுவாக எழுதத் தொடங்கினார். மூன்று எழுத்து முடிவதற்குள் எனக்கு ஒரு ஜோக் தோன்றிவிட்டது. “சார், டைம் அவுட்!” என்று சொல்லி, அந்த பட்டனை அமுக்கினேன். எழுதியது மறைந்தது.

மறுபடி எழுதினார். மறுபடி அமுக்கினேன்.

மூன்றாவது முறை அவர் எழுதவில்லை. பலகையைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஜெயித்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் வெற்றி – எதிரில் இருப்பவருக்குக் குரல் இல்லாதபோது.

மாமா ஏன் இதை அக்காவிடம் சொல்லவில்லை? நான் பிற்பாடு கேட்டேன். ‘வேலை விட்டுடுவா’ என்று தெலுங்கில் எழுதினார். சொன்னால் அக்கா வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவாள் என்று பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் அன்று வேறு விதமாகப் புரிந்துகொண்டேன்... ஒருவேளை என் வாதத்தை ஒத்துக்கொண்டுவிட்டாரோ என்று.

இதில் பெரிய வேடிக்கை என்ன தெரியுமா? என் வைத்தியம் பலித்தது!

தினமும் இதே மாதிரி செய்ததில், ஒரு வாரத்தில் சளி குறைந்தது. சக்‌ஷன் மெஷினின் பாட்டிலில் பாதிகூட நிறையவில்லை. “பாத்தியா அக்கா, சளியே வரல” என்றேன். சம்பளம் கேட்காத ஸ்பெஷலிஸ்ட் போல நின்றேன். அக்கா உள் டியூபை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “ஆனா இன்னாடா இது, பிசினு மாரி ஒட்டிகினு கீது?”

“வெயிலுக்கா. ஒடம்பு சூடு. எளநி குடு.”

சளி வராமல் போகவில்லை. வர முடியாமல் உள்ளேயே காய்ந்துகொண்டிருந்தது. அது எனக்குத் தெரியவில்லை. டியூபை எட்டிப் பார்க்கவே பயந்தவனுக்கு எப்படித் தெரியும்?

பத்தாவது நாள் மாமா மூச்சு விடும்போது கழுத்திலிருந்து மெல்லிய ஒரு சத்தம் வந்தது. கீச்... கீச்... என்று. “அடடே, பி.டி. சாரு மறுபடி விசில் ஊத ஆரம்பிச்சிட்டாரு!” என்றேன். மாமா சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவரைச் சிரிக்க வைத்துவிட்டேனே!

மூச்சுப் பாதை குறுகிக்கொண்டிருக்கிறது என்பதன் சத்தம் அது. அதை நான் கைதட்டல் வாங்கும் சமாச்சாரமாக்கினேன். இத்தனை வருஷத்தில் நான் அடித்த ஜோக்குகளில் ஒன்றைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், இதைத்தான் வாங்கிக்கொள்வேன்.

பதினோராம் நாள். மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும். கரண்ட் போயிருந்தது. ஜன்னல் வழியாக வந்த காற்று அடுப்பிலிருந்து வந்தது போல இருந்தது. நான் கூடத்தில் உட்கார்ந்து பத்திரிகைக்கு வாராவாரம் எழுதும் நகைச்சுவைப் பத்தியை எழுதிக்கொண்டிருந்தேன். உள்ளே கட்டில் தட்டும் சத்தம். “இருங்க மாமா, ஒரு பாரா” என்றேன். சத்தம் வேகமானது.

போய்ப் பார்த்தேன். மாமா எழுந்து உட்கார்ந்திருந்தார். தோள்கள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே குழிந்தது. கண்கள் என்னைப் பார்த்தபடி பிதுங்கின. உதடு நீலம். கழுத்து டியூபில் காற்றுப் போகும் சத்தம் – இல்லை.

இப்போது நான் என்னவெல்லாம் செய்தேன் என்று கேளுங்கள். முதலில் பேப்பரை எடுத்து விசிறினேன். மூச்சுக்குழாய் அடைத்துக்கொண்ட மனிதருக்கு விசிறி! அப்புறம் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வாயருகே நீட்டினேன். அவர் தட்டிவிட்டார். முதுகைத் தடவினேன். சக்‌ஷன் மெஷினின் சுவிட்சைப் போட்டேன். கரண்ட் இல்லை என்பது மறந்துவிட்டது. போடாமல் விட்டுவிட்டோமோ என்று மறுபடி போட்டேன். கட்டிலுக்கடியில் காலால் மிதித்து இயக்கும் சக்‌ஷன் ஒன்று இதற்கென்றே இருந்தது. அது நினைவுக்கே வரவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்து, பதற்றத்தில் என்னுடைய திருப்பதி வீட்டு விலாசத்தைத் தெளிவாக, பின்கோடோடு சொன்னேன்.

அக்காவுக்குப் போன். அவள் ஒரே வரியில் பிடித்துவிட்டாள். “உள் டியூப கயட்டுடா! திருப்பி இயுடா! கயட்டு!”

“அத்தக் கயட்டுனா மூச்சு நின்னுடாதாக்கா?”

“டேய், கயட்டுடா!”

என் கை போனது. டியூபுக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், அதற்கு மேல் நகரவில்லை.

மாமாதான் செய்தார். என் கையை ஒதுக்கிவிட்டு, தன் இடது கையால் உள் டியூபைப் பற்றித் திருப்பி, உருவி எடுத்தார். அதன் துவாரத்தை முழுதாக அடைத்துக்கொண்டு பழுப்பு நிறத்தில் ஒரு கட்டி, வேப்பம் பிசின் போல. வெளி டியூப் வழியாகக் காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டது. உஸ்... உஸ்... உதட்டு நிறம் மெதுவாக மாறியது.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தினேனா?

அப்போது பார்த்துக் கரண்ட் வந்தது. மூச்சில் இன்னும் கரகரப்பு இருந்தது. பயந்தாங்கொள்ளிக்கு வரும் வீரம் இருக்கிறதே, அதைவிட ஆபத்து எதுவும் இல்லை. சக்‌ஷன் குழாயை எடுத்தேன். மார்க்காவது, பத்து எண்ணுவதாவது! மெஷினை முழு வேகத்தில் வைத்து, மார்க்கைத் தாண்டி, முட்டும் வரை விட்டேன். எடுத்தேன். மறுபடி விட்டேன். மாமா என் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினார். “கொஞ்சம் பொறுங்க மாமா, எல்லாத்தயும் எடுத்துடறேன்!” ஐந்து முறையோ ஆறு முறையோ. குழாயில் சிவப்பு வந்த பிறகுதான் நிறுத்தினேன்.

அக்கா யாருடைய பைக்கிலோ வந்து இறங்கினாள். இரண்டாவது முறை அவளே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்து சரியான விலாசத்தைச் சொல்லியிருந்தாள். சித்தூரில் முதலுதவி, பிறகு நேராகத் திருப்பதி.

டாக்டர் கேமரா விட்டுப் பார்த்தார். டியூபின் நுனிக்குக் கீழேயும் சளி பொருக்குப் பொருக்காகக் காய்ந்து ஒட்டியிருந்ததாம். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெளியே வந்தார். கோபத்தில் இருந்தார்.

“என்னம்மா, துணிய ஈரமா வைக்கவே இல்லையா?”

“வெச்சிகினுதான் சார் போவேன்... வர்றப்பவும் ஈரமாத்தான் இருக்கும்...” அக்காவுக்குப் புரியவில்லை.

நான் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைப் படித்துக்கொண்டிருந்தேன். காது கேளாமை பற்றியது. ரொம்பவும் ஆழ்ந்து படித்தேன்.

கட்டிலில் இருந்த மாமா இடது கையை உயர்த்தி, நீட்டி, ஒரு விரலால் என்னைச் சுட்டினார். கபடியில் கோட்டைத் தாண்டியவனைச் சுட்டுவாரே, அதே மாதிரி. கோபம் இல்லை, பழி இல்லை. ஃபவுல் என்றால் ஃபவுல்.

எல்லாவற்றையும் சொன்னேன். கொடி, இரண்டே முக்கால், பட்டன். அக்கா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. டாக்டரைப் பார்த்து, “இவன நம்பித்தான் சார் உட்டுட்டுப் போனேன்” என்றாள். அவ்வளவுதான்.

மே முதல் வாரம் மூடி போடவில்லை. உள்ளே புண், வீக்கம், அப்புறம் இன்ஃபெக்‌ஷன், காய்ச்சல். ஜூன் வந்தது. பள்ளிக்கூடம் திறந்தது. மாமா அன்று காலை குளித்து, வெள்ளை பேண்ட் போட்டுக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததாக அக்கா சொன்னாள். தெரு வழியாகப் போன பிள்ளைகள் “நமஸ்தே சார்” என்றார்களாம். கையை மட்டும் தூக்கினாராம்.

நான் இப்போதும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். உள் டியூபைக் கழற்றிக் கழுவி மாட்டக் கற்றுக்கொண்டேன். முதல் இரண்டு முறை கண்ணை மூடிக்கொண்டேன். மாமா என் தலையில் தட்டித் திறக்க வைத்தார். கழுத்து நாடாவை மாற்றுவேன். அடியில் வைக்கும் பஞ்சை மாற்றுவேன். அதே அளவில் ஒன்று, ஒரு சைஸ் சின்னது ஒன்று என்று மாற்று டியூப் எப்போதும் தலைமாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பேன். துணியை நனைத்துப் போடுவேன். போட்டதும் மாமா ஒரு விரலால் அதைத் தொட்டுப் பார்ப்பார். அக்கா போட்டால் தொட்டுப் பார்ப்பதில்லை.

போன வியாழக்கிழமை, திருப்பதி ஆஸ்பத்திரியில், ஒருவழியாக மூடி போட்டுப் பார்க்கலாம் என்றார்கள். காலை பத்து மணி. நர்ஸம்மா டியூபின் வாயில் சின்னதாக ஒரு மூடியை வைத்தார். “ஒரு நாள் முழுக்கத் தாங்கினா, எடுக்கறதப் பத்திப் பேசலாம்” என்றார் டாக்டர்.

ஆறு மாசத்துக்குப் பிறகு காற்று குரல்வளை வழியாகப் போகிறது. மாமா தொண்டையைச் செருமினார். செருமும் சத்தம் கேட்டதும் அவரே திடுக்கிட்டுவிட்டார். அக்காவைப் பார்த்தார்.

“துன்னியா?”

உப்புத்தாள் தேய்ப்பது போல ஒரு குரல். கிரவுண்டைத் தாண்டும் குரல் இல்லை. கட்டிலைத் தாண்டாத குரல். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள்.

அப்புறம் என் பக்கம் திரும்பினார். மூச்சைச் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

“ஈரத்துல... சளி புடிக்காது. தெரிஞ்சிதா, மச்சான்?”

மூன்று மாசம் முன்பு நான் அழித்த பதில். “தெரிஞ்சிது மாமா” என்றேன். எப்படியாவது இன்னும் ஒரு மணி நேரம் என்னைத் திட்டிக்கொண்டே இருக்க வேண்டும் போல இருந்தது. திட்டினார். என் டிரைவிங், என் தொப்பை, நான் எழுதும் பத்தி – “ஒரு வாரம் கூட சிரிப்பு வந்ததில்ல” – எல்லாவற்றையும். தமிழ் படிக்கத் தெரியாத மனிதர் இதைச் சொல்கிறார்! நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம்.

பதினொரு மணிக்கு அவர் பேச்சு குறைந்தது. அப்புறம் உள்ளே இழுக்கும்போதெல்லாம் ஒரு சத்தம். நெற்றியில் வியர்வை. “கஷ்டமா இருக்குதாங்க?” என்றாள் அக்கா. இல்லை என்று தலையை ஆட்டினார். கட்டில் கம்பியைப் பிடித்திருந்த கை வெளுத்திருந்தது. மூடியை எடுத்துவிடுவார்களோ என்று சைகைகூடக் காட்டாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தடவை நான் ஜோக் எதுவும் சொல்லவில்லை. ஓடிப்போய் நர்ஸம்மாவைக் கூப்பிட்டேன். மூடியை எடுத்தார்கள். எண்பது நிமிஷம்.

மறுபடி கேமரா. மூச்சுக்குழாய்க்குள் டியூபின் நுனி படும் இடத்தில் சதை வளர்ந்திருக்கிறதாம், பாதை குறுகியிருக்கிறதாம். நான் டாக்டரின் பின்னாலேயே நடந்து போய்த் தனியாகக் கேட்டேன். நான் அன்றைக்குக் குழாய் விட்டுக் கிளறியதால்தானே?

“சொல்ல முடியாது” என்றார். “ரொம்ப நாள் வெண்டிலேட்டர்ல இருந்தாலும் வரும். டியூப் உராய்ஞ்சாலும் வரும். இன்ஃபெக்‌ஷன்லயும் வரும். முரட்டுத்தனமா சக்‌ஷன் பண்ணாலும் வரும்.”

நான்கு காரணம். அதில் முதல் இரண்டுக்கு நான் பொறுப்பில்லை என்று ஆறுதல் பட்டுக்கொள்ளலாம். பேருந்தில் வீடு திரும்பும் வழி பூராவும் முயன்று பார்த்தேன்.

சதையை எடுக்க முடியுமா என்று ஆறு மாசம் கழித்துப் பார்ப்பார்களாம். அதுவரை கிரவுண்டு பக்கமே போகக்கூடாது, தூசி ஆகாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். பள்ளிக்கூடத்துக்குப் புது பி.டி. சார் வந்துவிட்டார்.

அந்த வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு மாமாவின் பழைய டியூபை எடுத்துவிட்டு, சதை வளர்ந்த இடத்தைத் தாண்டிப் போகும்படி, அதைவிட நீளமான ஒரு டியூபை வைத்தார்கள்.